பிழைக்கத் தெரிந்தவர்

எங்கள் மலையகத்தில் பொன்னாடைக்குப் பஞ்சமில்லை. பாலத்துக்கு அடிக்கல் நட்டவருக்கு ஒன்று, அந்தப் பாலத்தைக் கட்டாமல் போனவருக்கு ஒன்று. ஏழு பேர்ச்சஸ் காணி தருகிறேன் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்லிவிட்டுப் போகிறவருக்குத் தேர்தலுக்குத் தேர்தல் ஒன்று. உடப்புசல்லாவை டவுனில் துணிக்கடை வைத்திருக்கிறவர்கள் தீபாவளிக்கு அடுத்தபடியாக நம்பியிருப்பது பாராட்டு விழாக்களைத்தான். இப்படி வாரி வழங்குகிற ஊரில், எந்த நெருக்கடியிலும் சாகாமல் தலைநிமிர்ந்து நிற்கிற ஒருவரை மட்டும் இதுவரை யாரும் மேடைக்கு அழைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த வாழ்த்துரை.

பாராட்டுப் பெறுபவர், கிளியோபிளாஸ்டோமா. நரம்புக்கலங்களுக்குப் பக்கத்துணையாக இருக்கிற கிளியாக் கலங்களின் வம்சத்தில் வந்த புற்றுக்கட்டி. 1926ல் பேர்சிவல் பெய்லி, ஹார்வி குஷிங் என்ற இரண்டு அமெரிக்க டொக்டர்கள் இவருடைய வம்சத்தை வகைபிரித்துப் பட்டியலிட்டார்கள். வளர்ந்தவர்களின் மூளையிலேயே பிறக்கிற புற்றுக்கட்டிகளில் அதிகம் காணப்படுகிறவர் இவர்தான். உலக சுகாதார நிறுவனம் மூளைக்கட்டிகளுக்கு நான்கு தரம் வைத்திருக்கிறது. இவர் நான்காம் தரம். அதற்கு மேல் பதவியுயர்வு கிடையாது.

முதலில் பெரியவரின் குடியுரிமையைப் பாராட்ட வேண்டும். 1948ல் ஒரு சட்டம் வந்து, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த ஏறத்தாழ ஏழு லட்சம் பேரிடம், உன் அப்பன் எங்கே பிறந்தான், பத்திரம் காட்டு என்று கேட்டது. 1964ல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து, உனக்கு இத்தனை தலை, எனக்கு இத்தனை தலை என்று பிரித்துக்கொண்டார்கள். பெரியவருக்கு இந்த வில்லங்கமே இல்லை. வெளியிலிருந்து வந்த கிருமியா அவர்? அதே உடம்பில் பிறந்தவர், அந்த உடம்பின் பரம்பரையலகுகளையே கையில் வைத்திருப்பவர். நோயெதிர்ப்புக் காவலர்கள் மறித்தாலும் நம்ம ஆள்தானே என்று பெரும்பாலும் வழிவிடுகிறார்கள். மார்பகப் புற்றையும் நுரையீரல் புற்றையும்போல ஊர் ஊராக அலைகிற பழக்கமும் இவருக்கு இல்லை. மண்டையோட்டைத் தாண்டி வேறு உறுப்புக்குப் போவது அபூர்வம். மண்ணின் மைந்தர் என்றால் இவரைத்தான் சொல்ல வேண்டும். பிறந்த மண்ணை விட்டுப் போகாதவர், பிறந்த மண்ணை விட்டும் வைக்காதவர்.

அடக்கமும் அவரோடு பிறந்தது. வந்துவிட்டேன் என்று தம்பட்டம் அடிப்பதில்லை. விடியற்காலையில் ஒரு தலைவலி. பனியில் நின்றதால் வந்தது என்று சித்தாலேப பூசிக்கொள்கிறோம். அதற்கும் அடங்காவிட்டால் ரெண்டு பனடோல். வாந்தி வந்தால் பித்தம். கை கால் வெட்டி இழுத்தால் காத்துக்கருப்பு. கோடாங்கியைக் கூட்டி வருகிறோம். ஒரே வரவில் மருந்துக்கடைக்காரருக்கும் உடுக்கைக்காரருக்கும் பிழைப்புக் கொடுக்கிற வள்ளல்.

இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்த ஓர் அம்மா, பிரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று லயத்துக் காம்பராவுக்குள் அங்குமிங்கும் துழாவிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா தேடுறீங்க?”

“அதான்டி... அது... கொழுந்து போடுறது.”

கூடை எதிரே ஆணியில்தான் தொங்கியது. காலமெல்லாம் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமந்த சாமான். கண் அதைப் பார்க்கிறது, வாய்க்குப் பெயர் வரவில்லை. மகள் சிரித்தாள். அம்மாவும் சேர்ந்து சிரித்தார். பெரியவர் அப்போது மூளையின் இடப்பக்கத்தில், பேச்சுக்குரிய இடத்தை ஒட்டிக் குடியேறியிருந்தார். எவ்வளவு நாகரிகம் பாருங்கள், ஒரே ஒரு பெயர்ச்சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கைத் தொடங்கினார்.

இனி அவருடைய படிப்பறிவுக்கு வருவோம். சூடு, பட்டினி, ஒட்சிசன் பற்றாக்குறை, நஞ்சு, கதிர்வீச்சு, இவற்றில் எது வந்தாலும் கலத்துக்குள் இருக்கிற புரதங்கள் மடிப்புக் குலைந்து உருக்கெடும். உருக்கெட்ட புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அளவு மீறினால் கலம் செத்துப்போகும், சாகவும் வேண்டும். இந்த ஆபத்துக்கென்றே இயற்கை சில பரம்பரையலகுகளை ஒதுக்கி வைத்திருக்கிறது. அது தெரியவந்ததே ஒரு கவனக்குறைவால்தான். இத்தாலியரான ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈக்களின் குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டி வைத்துவிட்டார்கள். மறுபடி நுண்ணோக்கியில் பார்த்தபோது, குரோமோசோமில் வழக்கத்துக்கு மாறான இடங்களில் புடைப்புகள். சூடு பட்டதும் சில பரம்பரையலகுகள் விழித்துக்கொண்டிருந்தன. இது முக்கியமான விஷயமில்லை என்று பேர்பெற்ற இதழொன்று அவருடைய கட்டுரையைத் திருப்பியனுப்பியது. வேறோர் இதழில் 1962ல் அது வெளிவந்தது. அந்தப் பரம்பரையலகுகள் உண்டாக்குகிறவைதான் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். எச்.எஸ்.பி. 70, எச்.எஸ்.பி. 90 என்று பெரிய குடும்பம். குலைந்த புரதத்தைப் பிடித்து மறுபடி மடித்துவைப்பது அவற்றின் வேலை. பக்டீரியாவிலிருந்து தேயிலைச் செடி வரை, செடியிலிருந்து அதைப் பறிக்கிற கை வரை எல்லாருக்கும் பொதுவான பழைய முதுசொம்.

பொதுச்சொத்தைத் தன் பேருக்கு எழுதிக்கொள்கிற கலையில் பெரியவரை மிஞ்ச ஆளில்லை. நல்ல கலம் ஆபத்து வந்தால் இந்தப் புரதங்களைக் கூப்பிடும், ஆபத்து தீர்ந்ததும் அனுப்பிவிடும். இவர் அனுப்புவதே இல்லை. திருகல்முறுகலான தன் சொந்தப் புரதங்கள் குலைந்துவிடாதபடி தாங்கிப்பிடிக்க இரவு பகலாக வேலை வாங்குகிறார். இந்தப் புரதங்களையெல்லாம் எழுப்பிவிடுகிற தலைமைப் பரம்பரையலகுக்கு எச்.எஸ்.எஃப். 1 என்று பெயர். அது இல்லாமல் பிறந்த எலிகளுக்குப் புற்றுக்கட்டி எளிதில் வருவதில்லை என்று 2007ல் சூசன் லிண்ட்குவிஸ்டின் குழு காட்டியது. உடம்பைக் காப்பாற்றப் பிறந்தது, உடம்பைக் கொல்கிறவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆளை மயக்கி வேலை வாங்கும் இந்தத் திறமையைப் பாராட்டாமல் எப்படி இருப்பது?

கட்டியிலிருந்து எடுத்த ஒரு சீவலைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். நடுவே இளஞ்சிவப்பில் செத்த திட்டு, அதில் கலம் எதுவும் இல்லை. அந்தத் திட்டைச் சுற்றிலும் ஊதாநிறக் கருக்கள் நெருக்கியடித்து, நீளவாட்டில் வேலி அடித்த மாதிரி நிற்கும். நோயியல் டொக்டர்கள் பெரியவரை அடையாளம் காண்கிற முத்திரைகளில் இதுவும் ஒன்று. வேலிபோலத் தெரிகிறவை உண்மையில் ஓடிக்கொண்டிருக்கிற கலங்கள். கட்டி அவசரமாகப் பெருத்ததால் நடுவில் இரத்தம் எட்டவில்லை. ஒட்சிசன் தீர்ந்து அங்கே இருந்தவை செத்தன, எட்டத்தில் இருந்தவை கூட்டமாக வெளிப்பக்கம் நகர்கின்றன. சொந்த இனத்தின் பிணங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு, வரிசை குலையாமல். இதுவல்லவோ கட்டுப்பாடு!

அந்த ஓட்டத்தை ஏவுகிறது ஹிஃப் என்ற புரதம். ஒட்சிசன் தாராளமாக இருந்தால் பிறந்த சில நிமிடங்களிலேயே கலம் அதை அழித்துவிடும். ஒட்சிசன் குறைந்தால் அழிக்கிற நொதியம் கைகட்டி நிற்கும், ஹிஃப் நிலைத்துவிடும், நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகளைத் தட்டி எழுப்பும். இந்தச் சூட்சுமத்தைத் துலக்கியதற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பெரியவர் இதை நோபல் குழுவுக்கு முன்பே படித்துத் தேறியவர். ஹிஃபை வைத்து வி.இ.ஜி.எஃப். என்ற தூதை அனுப்பிப் புதிய இரத்தக் குழாய்களைத் தன் வாசலுக்கு வரவழைத்துக்கொள்கிறார். சரி, தூதை மறிப்போம் என்று பெவாசிசுமாப் என்ற மருந்து வந்தது. முதல் சிகிச்சையிலேயே அதைச் சேர்த்துப் பார்த்த இரண்டு பெரிய சோதனைகளின் முடிவுகள் 2014ல் வெளியாயின. கட்டி வளராமல் இருந்த காலம் கொஞ்சம் நீண்டது, நோயாளியின் ஆயுள் நீளவில்லை. ஸ்கேன் படத்தைப் பார்ப்பவர் மனம் கோணக்கூடாதென்ற தாட்சண்யம் பெரியவருக்கு இருக்கத்தான் செய்கிறது.

சிக்கனத்திலும் குறைசொல்ல முடியாது. நெருக்கடி முற்றினால் பேர்க் என்ற புரதம் கலத்தின் புரத உற்பத்தியையே நிறுத்தி வைக்கிறது, பிழைப்புக்கு வேண்டிய ஒன்றிரண்டு மட்டும் ஓடும். பட்டினி வந்தால் தன் உறுப்புகளையே பிய்த்துத் தின்று பசியாறுகிறார். இந்தத் தன்னுண்ணலின் பரம்பரையலகுகளைக் கண்டுபிடித்த யோஷினோரி ஓசுமிக்கு 2016ல் நோபல். அதே ஆண்டில்தான் இலங்கை மலேரியா ஒழிந்த நாடென்று அறிவிக்கப்பட்டது. இங்கே வேலை போன குளோரோகுயின் குடும்பத்து மாத்திரைகளைத் தன்னுண்ணலை அடக்குவதற்காகப் பெரியவர்மேல் ஏவிப் பார்த்தார்கள். நோயாளி தாங்கக்கூடிய அளவுக்குள் அவருடைய பசியை நம்பிக்கையாக அடக்க முடியவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டுத் தியாகத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். பெரியவருக்கு எதிராக இன்று கையில் இருக்கிற முதன்மையான மாத்திரை டெமோசோலமைட். பர்மிங்ஹாமில் அஸ்டன் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஸ்டீவன்ஸின் குழு உருவாக்கியது. கலத்தின் டி.என்.ஏ.யில் குவானீன் என்ற எழுத்தின்மேல் ஒரு சின்ன மீதைல் முளையைச் செருகிவிடும். கலம் அடுத்தடுத்துப் பிரியும்போது அந்த முளையில் தடுக்கி விழுந்து சாக வேண்டும். பெரியவரிடம் எம்.ஜி.எம்.டி. என்ற பரம்பரையலகு இருக்கிறது. அது தருகிற புரதம் அந்த முளையைப் பிடுங்கித் தன்மேலேயே செருகிக்கொள்கிறது. செருகிக்கொண்டால் திரும்பக் கழற்ற முடியாது, அந்தப் புரதம் அழிந்தேபோகும். ஒரு முளைக்கு ஒரு புரதம் என்று பலி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பலியாகிறவை புரதங்கள், பிழைக்கிறவர் பெரியவர். அடுத்தவர் தியாகத்தால் இப்படி நிலைத்தவர்களை நமக்கு வேறு துறைகளிலும் தெரியும் என்பதால் இதை விரிக்கவில்லை.

573 நோயாளிகளை வைத்து ரோஜர் ஸ்டப் தலைமையில் நடந்த சோதனையின் முடிவு 2005ல் வந்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 12.1 மாதங்களைத் தாண்டினார்கள். டெமோசோலமைட்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அதே கணக்கு 14.6 மாதங்கள். இடைவெளி இரண்டரை மாதம். மருத்துவ உலகம் இதை ஒரு வெற்றி என்று கொண்டாடியது, சரியாகத்தான் கொண்டாடியது. அதற்கு முன் அதுவும் இல்லை. அந்த இரண்டரை மாதத்தைப் பறித்துக்கொள்ளாத பெருந்தன்மைக்குப் பெரியவருக்கு ஒரு கும்பிடு. எம்.ஜி.எம்.டி. எழும்பாமல் பூட்டிக்கிடக்கிற கட்டிகளில் மாத்திரை இன்னும் நன்றாகவே வேலை செய்தது, பாதிப்பேர் 21.7 மாதங்கள் வரை இருந்தார்கள் என்று அதே ஆண்டில் மோனிகா ஹெகி காட்டினார். பூட்டிக்கிடக்கிறதா இல்லையா என்பது நோயாளி செய்த புண்ணியத்தையோ பாவத்தையோ பொறுத்ததல்ல.

இந்தச் சிகிச்சையில் கதிர்வீச்சுக்கு மட்டும் 30 தடவை மேசையில் படுக்க வேண்டும், வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம். உடப்புசல்லாவையிலிருந்து இராகலை, கந்தப்பளை, நுவரெலியா என்று பஸ் மாறிக் கண்டிக்கோ மஹரகமைக்கோ போக வேண்டும். தினம் போய்வருகிற தூரமா அது? அங்கேயே தங்க வேண்டும், கூட ஒருவர் தங்க வேண்டும். இரண்டு பேருக்கும் அந்த நாள்களில் செக்ரோலில் பேர் விழாது. பெரியவரின் ஆறு வார உபசாரத்துக்கு ஒரு குடும்பத்தின் ஆறு வாரச் சம்பளம் காணிக்கை.

கலம் கெட்டுப்போனால் அதைத் தற்கொலைக்கு அனுப்புகிற காவற்காரன் ஒருவன் உண்டு, பி53. அவனையும் பெரியவர் கவனித்துக்கொண்டார். 2008ல் அமெரிக்காவின் பெரும் புற்றுநோய் மரபணுத் திட்டம் தன் முதல் அறிக்கையை இவரைப் பற்றித்தான் வெளியிட்டது. 206 கட்டிகளை ஆராய்ந்தார்கள். பரம்பரையலகுகளை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தவற்றில் நூற்றுக்கு 87ல் பி53 இருக்கிற வழி எங்கோ ஓரிடத்தில் உடைந்து கிடந்தது. காவற்காரன் தப்பியிருந்தால் அவனுக்குச் சேதி கொண்டுபோகிறவன் தப்பவில்லை.

அப்படியானால் வெட்டி எறிந்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வெட்டினால் துளிர்க்கிறதைப் பற்றி எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்தால், நெருப்புப் பிடித்து அணைந்த காடு மாதிரி வெறும் குச்சியும் முண்டுமாக நிற்கும். உள்ளுக்குள் வேரில் சேர்த்துவைத்த மாச்சத்து இருக்கிறது. அதைச் சாப்பிட்டுக்கொண்டு செடி சில வாரங்களில் கண் விடும், அப்புறம் கவ்வாத்துக்குக் கவ்வாத்து மூன்று நான்கு வருடம் கொழுந்து கொடுக்கும். பெரியவரும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு துளிர்க்கிறார், பெரும்பாலும் வெட்டிய விளிம்பிலிருந்து இரண்டு சென்றிமீற்றருக்குள்ளேயே. செடி துளிர்த்தால் நிறுவைக்குக் கொழுந்து வரும். இவர் துளிர்த்தால் வருகிற ஆதாயத்தை நிறுக்க எந்த மடுவத்திலும் தராசு இல்லை.

துளிர்க்கிற இரகசியத்தில் ஒன்றை 2015ல் ஜெர்மனியின் ஹைடல்பேர்க்கில் ஃபிராங்க் விங்க்லரின் குழு படம் பிடித்தது. கட்டிக் கலங்கள் மெல்லிய நீண்ட குழாய்களை நீட்டி ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. கதிர்வீச்சு அடித்தால் தனித்து நிற்கிற கலம் சாகிறது, தொடுப்புள்ளவை சுமையைப் பகிர்ந்துகொண்டு தப்புகின்றன. ஒற்றுமையே பலம் என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோமே, அதைக் கடைப்பிடித்துக் காட்டியவர் இவர். 2019ல் இன்னொரு சேதி. நரம்புக்கலங்கள் இவரோடு நேரடியாகவே இணைப்புப் போட்டுக்கொள்கின்றன, மூளையில் ஓடுகிற மின்சாரம் இவருக்கு ஊட்டமாகிறது. 2023ல் சான்பிரான்சிஸ்கோவில், நோயாளிகளுக்குப் பேச்சுப் பயிற்சிகள் கொடுத்து மூளையின் மேற்பரப்பில் மின்னோட்டத்தைப் பதிந்தார்கள். கட்டி ஊடுருவிய பகுதிகளும் சேர்ந்தே இயங்கின. அப்படி நெருக்கமாகப் பிணைந்துபோன நோயாளிகள் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். சொல்லை எடுத்துக்கொண்டது போதாதென்று, அந்தச் சொல்லைத் தேடுகிற தேட்டத்திலும் பங்கு கேட்கிறார்.

ஆராய்ச்சியாளர்களுக்கும் அவர் குறை வைக்கவில்லை. 1960களில் சுவீடனின் உப்சாலாவில் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து வளர்த்தெடுத்த யு87 என்ற கல வம்சம் உலகமெங்கும் ஆய்வுக்கூடக் கிண்ணங்களில் வாழ்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் அதன் தயவில் எழுதப்பட்டன. 2016ல் உப்சாலாவில் பத்திரமாயிருந்த பழைய கட்டித் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால், உலகமெங்கும் விற்கப்படுகிற யு87 அந்த நோயாளியுடையதே அல்ல. மூளைக்கட்டிதான், ஆனால் யாருடையது என்று தெரியாது. பல பத்தாண்டுகள் இன்னொருவர் பெயரில், இன்னொருவர் பத்திரத்தில், ஒரு கேள்வி இல்லாமல் வாழ்ந்திருக்கிறார். எங்கள் பாட்டன்மார் இந்த வித்தையைக் கற்றுவைத்திருந்தால், இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு மண்டபம் முகாமைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் குமாரவேல் சோமசுந்தரத்தின் ஆய்வகம் கிண்ணத்து வம்சத்தோடு நிற்கவில்லை. நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சையில் எடுத்த கட்டிகளையே வாங்கி, எந்தெந்தப் பரம்பரையலகு ஏறியிருந்தால் நோயாளி எவ்வளவு காலம் தாங்குவார் என்று கணித்தார்கள். பெரியவரின் சாதகத்தைக் கணிக்கத் துணிந்த சோதிடர்கள்.

கடைசியாக, அவருடைய ஆகச் சிறந்த கெட்டிக்காரத்தனம். இழைமணிக்குள் எஸ்.எச்.எம்.டி. 2 என்ற பரம்பரையலகின் நொதியம் ஒன்று இருக்கிறது. செரீன் என்ற அமினோ அமிலத்தை கிளைசீனாக மாற்றுவது அதன் வேலை. கட்டியில் இரத்தம் எட்டாத அந்தச் செத்த திட்டின் ஓரத்துக் கலங்களில் இது மிகுந்து காணப்படுகிறது என்று 2015ல் டேவிட் சபாட்டினியின் ஆய்வகத்தார் கண்டார்கள். இது மிகுந்தால் கலம் ஒட்சிசனைக் குறைவாகச் செலவழிக்கிறது, மூச்சைப் பிடித்துக்கொண்டு பஞ்சத்தைத் தாண்டிவிடுகிறது. எல்லாரும் சாகிற இடத்தில் பெரியவர் மட்டும் இருக்கிறார். ஆனால் அந்த வேலையில் கிளைசீன் குவிந்துகொண்டே போகும். குவிந்ததை உடைத்து அப்புறப்படுத்த ஜி.எல்.டி.சி. என்ற இன்னொரு நொதியம் வேண்டும். அதை முடக்கிப் பார்த்தார்கள். எஸ்.எச்.எம்.டி. 2 குறைவாக இருந்த கலங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அது மிகுந்த கலங்கள், பஞ்சம் பிழைக்கத் தெரிந்த அதே கலங்கள், தாங்களே சேர்த்த கிளைசீனிலிருந்து உண்டான நஞ்சில் செத்தன. ஆய்வுக்கூடத்துக்குள் நடந்த சங்கதி அது. ஜி.எல்.டி.சி. இல்லாமல் பிறக்கிற குழந்தைகளுக்குக் கடுமையான மூளைநோய் வரும் என்பதால், கண்டபடி கைவைக்கிற இடமும் அல்ல அது. ஆனாலும் தன்னை எங்கே குத்த வேண்டும் என்பதைத் தன் சாமர்த்தியத்தாலேயே எழுதிக்கொடுத்திருக்கிறார் பெரியவர். இவ்வளவு படித்தவர் அந்த ஒரு வரியை அழிக்க மறந்துபோனார் பாருங்கள், அதற்காகத்தான் முதல் மாலை.